மண்ணையும் ஏட்டையும் சேர்த்து வாசிக்க ஒரு விண்ணப்பம்

கௌரவ புத்தசாசன, சமய, கலாசார அலுவல்கள் அமைச்சர் அவர்களுக்கும், மதிப்புக்குரிய தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும்,

நான் அரசியலில் இருப்பவருமல்ல, தொல்பொருளியல் கற்றுத் தேர்ந்தவருமல்ல. பாடசாலையில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றேன். உங்கள் திணைக்களத்தின் மீது எனக்குள்ள மதிப்பு நீண்டகாலத்தது. 1890இல் எச். சி. பி. பெல் அவர்களின் பொறுப்பில் அதன் பணி தொடங்கியிராவிட்டால் அநுராதபுரத்தின் பெரும்பகுதி இன்னும் காடாகவே கிடந்திருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பின்னர் அத்திணைக்களத்துக்குத் தலைமை தாங்கிய பரணவிதான அவர்களின் கல்வெட்டு வாசிப்புகளை வகுப்பில் எடுத்துச் சொன்னபோது அவர் எந்த இனத்தவர் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அறிவு அப்படித்தான் கைமாற வேண்டும் என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த மடலில் பின்னால் வரும் சில சொற்கள் உங்களுக்குக் கசக்கலாம். அவை பகையில் பிறந்தவை அல்ல என்பதை நீங்கள் நம்பினால்தான் மிச்சத்தை வாசிப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு நாட்டின் பழைய மக்களை அறிய நிலத்தைத் தோண்டினால் மட்டும் போதாது. ஏடுகளைப் புரட்டினால் மட்டும் போதாது. இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்று மற்றொன்றைத் திருத்த இடங்கொடுத்து வாசிக்கவேண்டும். அதோடு, எல்லாருடைய ஏடுகளையும் வாசிக்கவேண்டும். ஒரேயொரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் சொல்லப்பட்டதைத் தேடி மட்டும் மண்வெட்டியை இறக்கினால், கிடைப்பதெல்லாம் அந்த நூலுக்குச் சாட்சியாகவே தோன்றும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கையல்ல. இந்தத் தீவில்தான் அதன் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நிகழ்ந்தது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை வாசித்துவிட்டார். இந்தியா முழுவதும் தூண்களிலும் பாறைகளிலும் ‘தேவானாம்பிய பியதசி’ என்ற அரசனின் பெயர் வந்துகொண்டே இருந்தது. அவன் யார் என்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. அப்போது இலங்கையில் பணியாற்றிய ஜோர்ஜ் டேர்னர், தீபவம்சம் என்ற பாளி நூலைப் பார்த்து, அது அசோகனே என்று எழுதியனுப்பினார். இந்தியாவின் கல்லுக்கு இலங்கையின் ஏடு விடை சொன்னது. பாளி வரலாற்று நூல்களை நான் மதிப்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதும். மகாவம்சத்தைத் தூக்கியெறியுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அதை முழுவதும் வாசியுங்கள், மற்றவற்றோடு சேர்த்து வாசியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

உலகின் மறுகோடியில் மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் பூர்வகுடிகளின் வரலாறு எப்படி மீட்கப்பட்டது என்று பாருங்கள். 1562இல் யுக்கத்தானில் உள்ள மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயர்களின் ஏடுகளைக் குவித்து எரித்தார். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மாயர் ஏடுகள் நான்கே நான்கு. ஆனால் எரித்த அதே லாந்தா, தான் எழுதிய குறிப்புநூலில் மாயர் எழுத்துகள் சிலவற்றின் ஒலிகளைக் குறித்துவைத்திருந்தார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1952இல், யூரி க்னோரோசோவ் என்ற சோவியத் அறிஞர் அந்தக் குறிப்பைத் திறவுகோலாகக் கொண்டு மாயர் எழுத்தின் இயல்பை விளக்கினார். அதுவரை வானத்தைப் பார்த்துக் காலம் கணித்த அமைதியான பூசகர்களாகக் கருதப்பட்ட மாயர், தங்கள் அரசர்களின் பிறப்பையும் போரையும் தோல்வியையும் தங்கள் கற்களில் தாங்களே எழுதிவைத்தவர்கள் என்பது அதன் பின்னர்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

மெக்சிகோ நகரில் 1978 பெப்ரவரி 21ஆம் திகதி மின்சார நிறுவனத் தொழிலாளர்கள் தெருவைத் தோண்டியபோது மூன்று மீற்றருக்கு மேல் விட்டமுள்ள ஒரு வட்டக்கல் தட்டுப்பட்டது. கையும் காலும் தலையும் துண்டிக்கப்பட்ட ஒரு பெண் தெய்வம் அதில் செதுக்கப்பட்டிருந்தாள். அவள் யார் என்பதைக் கல் சொல்லவில்லை. 16ஆம் நூற்றாண்டில் சகாகுன் என்ற துறவி, நாவா இன மாணாக்கர்களோடு சேர்ந்து அவர்களுடைய நாவாத்தல் மொழியிலேயே எழுதித் தொகுத்த நூல் சொன்னது. போர்த்தெய்வம் தன் தமக்கையை மலையுச்சியில் வெட்டி அடிவாரத்துக்கு உருட்டிவிட்ட கதை அதில் இருக்கிறது. கல் கிடந்ததும் அந்தப் போர்த்தெய்வத்தின் கோயில் படிக்கட்டின் அடியில்தான். அங்கிருந்து தொடங்கிய அகழ்வு, எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசுமா அவர்களின் பொறுப்பில் அஸ்தெக்கரின் தலைமைக் கோயிலையே வெளிக்கொண்டுவந்தது. மறுபுறம், அதே நகரில் மண்டையோடுகளை வரிசையாகக் கோத்து வைத்த ஒரு பலிமேடையில் 1,36,000 தலைகள் இருந்தன என்று ஸ்பானியப் படைவீரர் ஒருவர் எழுதிவைத்திருந்தார். 2015இல் அந்த மேடையே கண்டெடுக்கப்பட்டது. மேடை உண்மை. ஆனால் இதுவரை வெளிவந்த தலைகள் சில நூறுதான். அவற்றுள் பெண்களுடையதும் பிள்ளைகளுடையதும் இருந்தன. வென்றவரின் ஏட்டை மண் திருத்தியது. தோற்றவரின் மொழியில் எழுதப்பட்ட ஏடு மண்ணுக்கு விளக்கம் சொன்னது. நாவாத்தல் ஏடுகளை விட்டுவிட்டு அந்த நிலத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது.

கௌரவ அமைச்சர் அவர்களே, இவ்வளவு தொலைவுக்கு உங்களை அழைத்துச்சென்றதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டிலும் இந்த வாசிப்புக்கு வேண்டிய ஏடுகள் நிறைய உண்டு. அங்கே போலவே இங்கும் எரிந்தவை உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஆயினும் எஞ்சியவை குறைவல்ல. 1736 அளவில் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இருக்கிறது. கோணேசர் கல்வெட்டு இருக்கிறது. மட்டக்களப்பு மான்மியம் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1645இல் யாழ்ப்பாணப் பட்டினத்தின் ஊர்களையும் வரிகளையும் ஊர் ஊராக எழுதிய தோம்பு இருக்கிறது. கெய்றோஸ் பாதிரியார் 1687இல் முடித்த இலங்கை பற்றிய பெருநூல் இருக்கிறது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஆவணங்கள் உங்கள் அலுவலகத்துக்கு வெகுதூரமில்லாத தேசிய சுவடிகள் கூடத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. இவற்றில் பிழைகள் உண்டு. வைபவமாலையின் காலக்கணக்கு குழம்பிக் கிடக்கிறது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இலேயே அதைப் பிரித்துப்போட்டு விமர்சித்து ஒரு நூலே எழுதினார். தன் சமூகத்தின் ஏட்டைத் தானே உரைத்துப் பார்க்கும் அந்த நேர்மைதான் நான் உங்களிடமும் எதிர்பார்ப்பது.

திருகோணமலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1624இல் கொன்ஸ்தந்தீனு தெ சா என்ற போர்த்துக்கேயத் தளபதி கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினான். இடித்தவர்களின் தரப்பிலேயே அதற்கு எழுத்துச் சான்று உண்டு. அந்தக் கோட்டை வாசலில் இன்றும் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் மீன் சின்னமும் பதிந்திருக்கின்றன. உள்ளே போகும் ஒவ்வொருவரும் அவற்றைக் கடந்துதான் போகவேண்டும். 1950இல் நகரில் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் உட்படச் சோழர் காலக் கலைமரபில் வார்த்த செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் கோணமலையின் அடியில் கடலுக்குள் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். சம்பந்தரின் பதிகம் கோயில் இடிபட்டதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்தியது. மகாசேன மன்னன் கோகர்ணத்தில் தேவர்களின் கோயிலை அழித்து விகாரை கட்டினான் என்று மகாவம்சம் சொல்கிறது; அழிக்கப்பட்டவை சிவலிங்கக் கோயில்கள் என்று அதன் பழைய பாளி உரை விளக்குகிறது. தேவாரம், பாளி உரை, போர்த்துக்கேயர் ஆவணம், கோட்டைக்கல், செப்புத் திருமேனி, கடலடிச் சிதைவு என்று ஆறு வகைச் சான்றுகள் ஓரிடத்தைச் சுட்டுகின்றன. உலகில் எத்தனை தலங்களுக்கு இந்தப் பேறு வாய்க்கும்? இவை அனைத்தையும் ஒன்றாக வைத்து, மூன்று மொழியிலும், உங்கள் திணைக்களம் வெளியிட்ட ஒரு முழுமையான ஆய்வை நான் வாசிக்க விரும்புகிறேன். அதற்குப் பதிலாக எனக்கு வாசிக்கக் கிடைப்பது, கோணேசர் கோயில் உண்மையில் யாருடையது என்று பத்திரிகையில் நடக்கும் வாய்ச்சண்டை.

அதே திருகோணமலை மாவட்டத்தில் பெரியகுளத்துக்கு அருகே வெல்கம் விகாரை இருக்கிறது. தமிழ் மக்கள் நாதனார் கோயில் என்று அழைத்துவந்த இடம். 1950களில் உங்கள் திணைக்களமே அங்கே அகழ்ந்தது, நன்றாகவே அகழ்ந்தது. வெளிவந்தது பௌத்த விகாரை. அங்கே கிடைத்த கல்வெட்டுகள் பல தமிழில் இருந்தன. சோழர் ஆட்சியில் அந்த விகாரை இராஜராஜப்பெரும்பள்ளி என்று பெயர் பெற்றிருந்ததையும், தமிழர்கள் அதற்கு நந்தாவிளக்கும் பசுக்களும் தானம் செய்ததையும் அவை சொல்கின்றன. சோழர் என்றால் விகாரைகளை இடித்தவர்கள் என்று பாளி நூல் மட்டும் படித்த பிள்ளை நம்பும். சோழர் காலம் என்றால் எல்லாம் சிவன்கோயில் என்று தேவாரம் மட்டும் படித்த பிள்ளை நம்பும். இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கல்லின் முன் நிறுத்தினால் இருவரும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புவார்கள். பௌத்தச் சின்னம் கண்ட இடமெல்லாம் சிங்கள இடம் என்ற கணக்கை உங்கள் திணைக்களத்தின் சொந்த அகழ்வே எழுபது ஆண்டுக்கு முன்னர் பொய்யாக்கிவிட்டது. பொலன்னறுவையில் தந்த தாதுவின் ஆலயத்தைக் காக்க வேளைக்காரப் படையினர் உறுதிகொடுத்த நீண்ட கல்வெட்டும் தமிழில்தானே இருக்கிறது? அநுராதபுரத்தில் தமிழ்க் குடும்பத்தலைவர்கள் கூடும் மாளிகைக்கென வெட்டிய பிராமிக் கல்வெட்டையும், வவுனியாவின் பெரியபுளியங்குளத்தில் விசாகன் என்ற தமிழ் வணிகன் கொடுத்த குகைக்கல்வெட்டையும் 1970இல் தொகுத்து அச்சிட்டவர் பரணவிதான அல்லவா? உங்கள் அலுமாரியில் இருக்கும் நூல்களைத்தான் சொல்கிறேன்.

சான்று மாறும்போது அறிஞர் எப்படி மாறவேண்டும் என்பதற்கும் நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் எழுதிய ஆய்வில், பத்தாம் நூற்றாண்டுக்கு முன்னர் இங்கு தமிழரின் நிலையான குடியிருப்புகள் பரவலாக இருந்ததற்குச் சான்றில்லை என்றார். தமிழர் பலர் அவர்மீது கோபப்பட்டார்கள். பின்னர் பொம்பரிப்பின் தாழிப்புதைகுழிகளும் கந்தரோடையின் மட்பாண்டங்களும் பேசத் தொடங்கின. 1980இல் ஆனைக்கோட்டையில் ஒரு பெருங்கற்காலப் புதைகுழியில், எலும்புக்கூட்டோடு, விரல் நுனியளவு முத்திரை ஒன்று கிடைத்தது. அதில் இரண்டு வரி. கீழ்வரி பிராமி, ‘கோவேத’ என்று வாசிக்கப்பட்டது. மேல்வரியில் இருப்பவை பெருங்கற்காலப் பானைகளில் கீறப்படும் குறியீடுகளை ஒத்தவை. அவற்றை இன்றுவரை எவரும் உறுதியாக வாசிக்கவில்லை. 2005இல் இந்திரபாலா அவர்கள் புதிய நூல் எழுதினார். பழைய முடிவைப் பற்றிக்கொண்டிராமல், சிங்களவரும் தமிழரும் பெரும்பாலும் இந்த மண்ணிலேயே இருந்த பழைய மக்களிலிருந்து, மொழியும் சமயமும் பரவியதால் இரு இனக்குழுக்களாக உருவானவர்கள் என்று காட்டினார். அந்த முடிவு எந்த மேடைப்பேச்சாளருக்கும் உகந்ததல்ல. ஆனால் அது மண்ணும் ஏடும் சேர்ந்து சொன்னது.

இனி, சொல்லப்பட்டதையும் செய்யப்பட்டதையும் அருகருகே வைக்கிறேன்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் ஒரு பொருளைத் தொல்பொருள் என்று கொள்ள ஓர் அளவுகோலைத் தருகிறது: அது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதாக இருக்கவேண்டும். எந்தச் சமயத்தவருடையது, எந்த மொழியினருடையது என்ற கேள்வி அந்த அளவுகோலில் இல்லை. 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. இவை சட்டமாகத் தரப்பட்ட வாக்குறுதிகள். அதன் பிறகு 2020 ஜூன் மாதம் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்ய ஜனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். உறுப்பினர்களில் பௌத்த துறவிகள் இருந்தார்கள், பொலிஸ் அதிகாரி இருந்தார், ஊடக நிறுவனத் தலைவரும் இருந்தார். தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் அன்று பெயரிடப்படவில்லை. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தின் நிலத்தைத் தோண்ட, அந்த மொழியில் எழுதிய கல்லையும் ஓலையையும் வாசிக்க ஓர் ஆள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இதை ஒரு தமிழராக மட்டும் கேட்கவில்லை, வரலாறு கற்பித்தவராகக் கேட்கிறேன்: நாவாத்தல் தெரியாத இராணுவ அதிகாரியிடம் அஸ்தெக்கர் கோயிலை ஒப்படைத்திருந்தால் மெக்சிகோ என்ன கற்றிருக்கும்?

முல்லைத்தீவில் குருந்தூர்மலை. ஆதிசிவன் ஐயனாரை ஊர்மக்கள் வழிபட்ட இடம். பழைய பௌத்தக் கட்டடங்களின் சிதைவுகளும் அங்கே உண்மையாகவே உண்டு. பொறுமையாக ஆய்ந்தால் அந்த மலை எத்தனையோ அடுக்குகளைக் காட்டியிருக்கும். 2021 ஜனவரியில் இராஜாங்க அமைச்சர் ஒருவர் முன்னிலையில், படையினர் சூழ, புத்தர் சிலையை வைத்து வழிபட்டு அகழ்வு தொடங்கப்பட்டது. மண்வெட்டி மண்ணைத் தொடுவதற்கு முன்னரே விடை அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டுவிட்டது. பின்னர் பட்டை தீட்டிய ஒரு கல் வெளிப்பட்டபோது, ஒரு தரப்பு அதைத் தாராலிங்கம் என்றது, மறுதரப்பு பௌத்தக் கட்டடத்தின் உறுப்பு என்றது. இரு தரப்பும் நம்பக்கூடிய ஓர் அறிஞர் குழு அதைப் பார்த்து, அளந்து, படம் வரைந்து, அறிக்கை வெளியிட்டிருந்தால் சச்சரவு அங்கேயே ஓய்ந்திருக்கும். அதற்குள் புதிய கட்டுமானங்கள் எழத் தொடங்கின. 2022இல் முல்லைத்தீவு நீதிமன்றம் தலையிடவேண்டி வந்தது. பழைய அத்திவாரத்தின் மேல் புதிய செங்கல் வைத்துக் கட்டியபின், அடியில் இருந்த அடுக்கை எந்தத் தலைமுறையும் திரும்ப வாசிக்கமுடியாது. பௌத்தச் சின்னத்தை நேசிப்பவருக்கும் அது இழப்புத்தான்.

வடக்கிலும் கிழக்கிலும் உங்கள் திணைக்களத்தின் எல்லைக்கல் வயலுக்குள் நடப்படும்போது அந்த வயற்காரர் கையில் ஓர் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருக்கிறது. அவர் கேட்கும் கேள்வி சிக்கலானதல்ல. இங்கே என்ன கண்டீர்கள், எந்தக் காலத்தது, எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அந்தக் கேள்விக்கு அவருக்கு விளங்கும் மொழியில் ஒரு பக்கத் தாளில் பதில் கொடுத்தால் அவரே அந்த இடத்தின் காவலராவார். பதில் இல்லாத எல்லைக்கல்லை அவர் காணி பறிக்க வந்த கல்லாகவே பார்க்கிறார். அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

அறிக்கைகளுக்கு வருவோம். மாந்தையில் ஜோன் காஸ்வெல் தலைமையில் 1980 முதல் 1984 வரை அகழ்வு நடந்தது. போர் அதை நிறுத்தியது. முழு அறிக்கை நூலாக வந்தது 2013இல். போர்க்காலம் என்பதால் அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்கிறேன். அந்த நூலும், போருக்குப் பின் 2009–10இல் நடந்த அகழ்வின் முடிவுகளும் எவ்வளவு பெரிய செல்வம் என்று பாருங்கள்: மிளகு, கிராம்பு, இந்தத் தீவில் விளையாத கோதுமை எல்லாம் அந்த மண்ணில் கரிந்த மணிகளாகக் கிடந்தன. அந்தத் துறைமுகத்தைத் தொலமி அறிந்திருந்தார் என்று கருதுவோர் உண்டு; சம்பந்தரும் சுந்தரரும் அதே ஊரான மாதோட்டத்துக் கேதீச்சரத்தைப் பாடினார்கள்; சோழ அதிகாரி தாழிகுமரன் அங்கே இராஜராஜேஸ்வரம் எடுத்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு கொழும்பு நூதனசாலைக்கு வந்துசேர்ந்தது. ஆனால் மன்னாரில் படிக்கும் பிள்ளை தன் ஊரின் இந்தக் கதையைத் தன் மொழியில் எங்கே வாசிப்பது? அகழ்வறிக்கை ஆங்கிலத்தில், விலையுயர்ந்த நூலில் இருக்கிறது. திணைக்களத்தின் வேறு பல அகழ்வுகளுக்கு அந்த அளவுக்கும் அறிக்கை கைக்கெட்டவில்லை.

தாமதம் நமக்கு மட்டும் உரிய நோயல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் கீழடியை அகழ்ந்த அமர்நாத் இராமகிருஷ்ணன் 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கொடுத்தார். 2025 மே மாதத்தில் திருத்திக் கொண்டுவரும்படி அது அவரிடமே திருப்பி அனுப்பப்பட்டது. தனக்கு ஒவ்வாத விடையை வெளியிட எந்த அரசும் தயங்கும் போலிருக்கிறது. அந்தத் தயக்கத்தை வெல்லத்தான் சட்டமும் ஒழுங்கும் வேண்டும்.

என் மக்களிடமும் இதையே சொல்லிவருகிறேன். ஒரு கறுப்புச் சிவப்புப் பானை ஓடு கிடைத்தவுடன் அதைத் தமிழ் அரசின் தலைநகரம் என்று முகநூலில் எழுதுவது ஆய்வல்ல. திஸ்ஸமகாராமையில் கிடைத்த எழுத்துள்ள ஓட்டை ஐராவதம் மகாதேவன் தமிழ்-பிராமி என்று வாசித்தார். வேறு வாசிப்புகளும் உண்டு. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். வல்லிபுரத்துப் பொன்னேடு பிராகிருதத்தில் இருக்கிறது, விகாரையொன்றைப் பேசுகிறது. யாழ்ப்பாணத்துப் பௌத்தத்தைக் கூசாமல் ஏற்றுக்கொள்ளும் மனம் எங்களுக்கும் வேண்டும். இதை எங்கள் மேடைகளில் சொன்னதற்காகச் சிலர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதைப் பொறுத்துக்கொண்டதால்தான் உங்களிடம் கேட்கும் உரிமை எனக்கு உண்டென்று நினைக்கிறேன்.

சிங்களம், தமிழ் என்று இருவரின் வழக்காகவே இதைப் பார்ப்பதில் இன்னொரு அநியாயமும் மறைந்திருக்கிறது. இந்த மண்ணின் மிகப் பழைய குடிகள் எங்கள் இருவரின் சண்டையிலும் இல்லை. பாகியன்குகையில் 48,000 ஆண்டுக்கு முன்னரே எலும்பில் அம்புமுனை செதுக்கியவர்களை மண் காட்டியிருக்கிறது. வேடர்களைப் பற்றி 1911இல் செலிக்மன் தம்பதியர் எழுதிய நூல் இருக்கிறது. வாகரை, வெருகல் பக்கத்துக் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகிறார்கள்; தம்பானையில் உள்ளவர்கள் சிங்களம் பேசுகிறார்கள். அவர்களுடைய சடங்குப் பாடல்களையும் குலப்பெயர்களையும் இடப்பெயர்களையும் தொல்லியலோடு சேர்த்து வாசிக்கும் பணி எங்கே நடக்கிறது? வெருகல் வேடர் ஒருவரின் வாய்மொழியைப் பதிவு செய்யப் போகும் உங்கள் அலுவலருக்குத் தமிழ் தெரிந்திருக்கவேண்டும் என்பதையாவது மறுக்கமாட்டீர்கள்.

நீங்கள் வேலைக்குப் போகும் வழியிலேயே ஒரு கல் இருக்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்ததைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹ 1409 திகதியிட்டுக் கொண்டுவந்து நாட்டிய கல் அது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் கொடுத்த காணிக்கைகள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. பொன், வெள்ளி, பட்டு, சந்தனம் என்று பட்டியல் போகிறது. மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான் 15ஆம் நூற்றாண்டு இலங்கைத் துறைமுகம் ஒன்று எப்படி இயங்கியது என்று புரியும். அதன் தமிழ்ப் பகுதியை வாசித்து வெளியிட்டவரும் பரணவிதானவே. பணிப்பாளர் நாயகம் அவர்களே, உங்கள் நாற்காலியில் உங்களுக்கு முன் இருந்தவர் அவர். தமிழ்க் கல்வெட்டைத் தமிழாக வாசிப்பது தன் பதவிக்கோ தன் இனத்துக்கோ குறைவு என்று அவர் நினைக்கவில்லை.

இனவாதத்துக்கு இனி இடமில்லை என்று உங்கள் அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. நான் அதை நம்ப விரும்பும் வாக்காளர். ஆனால் நம்பிக்கைக்கும் ஒரு வயது உண்டு. எங்கள் தலைமுறை அதைக் கடந்துகொண்டிருக்கிறது. ஆகவே தெளிவாகக் கேட்கிறேன். வடக்கு, கிழக்கில் நடக்கும் ஒவ்வொரு அகழ்விலும் தமிழ்க் கல்வெட்டும் சுவடியும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அதிகாரத்தோடு இருக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் பெயரளவில் அல்லாமல் பங்காளராக இருக்கட்டும். அறிக்கை வெளிவரும்வரை அகழ்ந்த இடத்தில் எந்தச் சமயத்தவரும் புதிதாக எதையும் கட்டக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். கோயிலுக்கும் அதுவே, விகாரைக்கும் அதுவே. பேராசிரியர் சி. பத்மநாதன் தனியொருவராக உழைத்துத் தொகுத்த இலங்கைத் தமிழ்ச் சாசனங்களைத் திணைக்களத்தின் வெளியீடாக, படங்களோடு, சிங்கள மொழிபெயர்ப்போடு கொண்டுவாருங்கள். சிங்களப் பிள்ளையும் வாசிக்கட்டும். போர்த்துக்கேய, ஒல்லாந்தத் தோம்புகளில் வடக்கு, கிழக்குக்குரிய பகுதிகளை மூன்று மொழியிலும் அச்சிடுங்கள். எல்லைக்கல் நடுமுன் அந்த ஊரின் பெயர் அதில் எப்படி வருகிறது என்று பார்க்கும் வழக்கம் உண்டாகட்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, பெரும் பணமும் தேவையில்லை.

அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் உங்கள் அமைச்சின் ஒதுக்கீடு சபைக்கு வரும். அன்றைக்கு, இதுவரை அகழ்ந்து அறிக்கை வெளிவராத இடங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் அறிக்கை எந்தத் திகதியில், எந்தெந்த மொழியில் வரும் என்பதையும் சபையில் முன்வையுங்கள். நான் பார்வையாளர் மாடத்துக்கு வர அனுமதி கேட்டு விண்ணப்பித்திருப்பேன்.


ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கிருலப்பனை, கொழும்பு.